வெற்றுப் பீடம் உணர்த்தும் பொருள்: பௌத்த அறநெறியில் குறியீடுகள்



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடையறாது இயங்குவது எளிய செயலன்று. திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து, ஒருவர் எழுதியதன் குறையை மற்றவர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்து, அதன் பின்னும் நண்பர்களாகவே வீடு திரும்பும் பண்பை இவ்வட்டம் வளர்த்திருக்கிறது. அதற்காக முதலில் என் பாராட்டு உரியது.

பௌத்த அறநெறியில் குறியீடுகள் எவ்வாறு பொருள் தருகின்றன என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு. கவிஞர்கள் நிறைந்த அவையில் குறியீட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது என்பதை அறிவேன். ஆயினும் இத்துறையில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதைச் சொல்லித் தொடங்கினால் ஊசி விற்க வந்ததும் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படும் என்று நம்புகிறேன்.

மணிமேகலையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதிப் போடுவது என் வழக்கம். இடப்பக்கம் தாமரை, சக்கரம், அரசமரம், திருவடி, பீடம், தூபி. வலப்பக்கம் தூய்மை, அறம், ஞானம், வருகை, புத்தர், பரிநிர்வாணம். மாணவியர் அதை அப்படியே குறித்துக்கொள்வர். தேர்விலும் எழுதி மதிப்பெண் பெறுவர். ஓராண்டு அவர்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த அமராவதித் தூபியின் சிற்பங்கள் பல அங்கே உள்ளன. வெறும் பீடம் ஒன்றைச் சூழ்ந்து பலர் கைகூப்பி நிற்கும் ஒரு கல்லின் முன் மாணவி ஒருத்தி நின்று, “அம்மா, இதில் புத்தர் எங்கே?” என்று கேட்டாள். “பீடம்தான் புத்தர். பட்டியலில் எழுதிப் போட்டேனே” என்றேன். அவள் விடவில்லை. “பீடம்தான் புத்தர் என்றால் புத்தரையே செதுக்கியிருக்கலாமே, அம்மா? இத்தனை பேரைச் செதுக்கத் தெரிந்த சிற்பிக்கு அவர் ஒருவரைச் செதுக்கத் தெரியாதா?”

என்னிடம் விடை இல்லை. அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிட்டேன். இன்றைய உரை அம்மாணவிக்கு நான் காலந்தாழ்த்திக் கூறும் விடை என்றே கொள்ளலாம்.

குடையும் குதிரையும்

புத்தரின் மனித உருவம் இல்லாத சிற்பங்களுள் மிகப் பழையவை மத்தியப் பிரதேசத்துப் பாரூத்திலும் சாஞ்சியிலும் கிடைத்துள்ளன. பாரூத் தூபியின் எச்சங்களை அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1873இல் கண்டறிந்தார். அதன் கல்வேலியின் பெரும்பகுதி இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அவ்வேலியின் தூண் ஒன்றில் அரசன் ஒருவன் மண்டியிட்டு வணங்குகிறான். அவன் எதிரில் ஒரு பீடமும் திருவடிச் சுவடுகளுமே உள்ளன. கல்லில் பொறிக்கப்பட்ட குறிப்போ, அஜாதசத்துரு பகவானை வணங்குகிறான் என்று கூறுகிறது. எழுத்து அவர் இருக்கிறார் என்கிறது. சிற்பத்தில் அவர் உருவம் இல்லை. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு இம்முரண் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

சாஞ்சியின் கிழக்குத் தோரண வாயிலில் இதனினும் நுட்பமான ஒரு காட்சி உண்டு. சித்தார்த்தர் நள்ளிரவில் அரண்மனையைத் துறந்து செல்லும் நிகழ்ச்சி அது. கந்தகன் என்னும் குதிரை நகர வாயிலிலிருந்து புறப்படுகிறது. அதே குதிரை அதே கற்பலகையில் அடுத்தடுத்துப் பலமுறை செதுக்கப்பட்டிருக்கிறது. அது முன்னேறிச் செல்கிறது என்பதே அதற்குப் பொருள். அதன் முதுகில் யாரும் இல்லை. ஆனால் அம்முதுகுக்கு மேலே ஒரு குடை பிடிக்கப்பட்டிருக்கிறது. பலகையின் வல ஓரத்தில் திருவடிச் சுவடுகள். அவற்றின் முன் பாகன் பணிந்திருக்கிறான். பின்னர்க் குதிரை திரும்பி வருகிறது. இப்போதும் முதுகில் யாரும் இல்லை. மேலே குடையும் இல்லை.

நண்பர்களே, செல்லும் குதிரையின் முதுகும் வெறுமை. திரும்பும் குதிரையின் முதுகும் வெறுமை. முதல் வெறுமையில் ஒருவர் இருக்கிறார். இரண்டாம் வெறுமையில் அவர் இல்லை. இவ்வேறுபாட்டை ஒரே ஒரு குடையைக் கொண்டு சிற்பி உணர்த்திவிட்டான். சித்தார்த்தரின் உருவத்தையே குதிரைமேல் அமர்த்தியிருந்தால் திரும்பிவரும் குதிரையின் துயரம் நம்மை இவ்வளவு தாக்கியிருக்குமா? குடை என்றால் அரசுரிமை என்று என் பட்டியல் சொல்லும். இங்கே குடை தன் பொருளை அகராதியிலிருந்து பெறவில்லை. திரும்பும் வழியில் அது இல்லாமற்போவதிலிருந்தே பெறுகிறது.

அறிஞர்களின் வழக்கு

இவ்வுருவமின்மைக்குக் காரணம் என்ன என்பதில் அறிஞர்களிடையே நீண்ட வழக்கு உண்டு. பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் ஃபூஷே காலம்தொட்டு, மரமும் பீடமும் புத்தரின் உருவத்துக்குப் பதிலாக வைக்கப்பட்டவை என்னும் கருத்தே பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. 1990இல் சூசன் ஹண்டிங்டன் இதை மறுத்தார். இக்காட்சிகளுட் பல புத்தர் வாழ்ந்தபோது நடந்தவை அல்ல. அவர் மறைந்தபின் அவரோடு தொடர்புடைய தலங்களுக்கு மக்கள் சென்று வழிபட்டதையே இவை காட்டுகின்றன. எனவே பீடம் பீடமே, மரம் மரமே என்பது அவர் வாதம். மறு ஆண்டே வித்யா தெஹேஜியா இதற்கு விடை எழுதினார். அதே மரம் ஓரிடத்தில் புத்தரையும், வேறோரிடத்தில் புனிதத் தலத்தையும், பிறிதோரிடத்தில் அறநெறியின் பண்பையும் குறிக்கலாம். ஒரே சிற்பத்தில் இவை ஒன்றின்மேல் ஒன்றாக அமைவதும் உண்டு என்பது அவர் முடிவு.

சிற்பக்கலை அறிஞர்களின் வழக்கைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் தமிழ் படித்தவள் என்ற முறையில், இரண்டாம் கருத்து எனக்கு அயலாகத் தோன்றவில்லை. உள்ளுறை உவமம், இறைச்சி எனத் தொல்காப்பியம் பெயரிட்ட நெறிகளை அறிந்தவர்கள் நாம். சங்க அகப்பாடலில் பொய்கையும் மலரும் வண்டும் முதலில் பொய்கையும் மலரும் வண்டுமாகவே இருக்கும். அவை அவ்வாறு இருப்பதனாலேயே தலைவனின் ஒழுக்கத்தையும் உணர்த்தும். கருப்பொருளை அழித்துவிட்டு உட்பொருளை மட்டும் எடுக்க இயலாது. மரம் மரமாகவும் இருக்க வேண்டும். மரத்துக்கு அப்பாலும் சுட்ட வேண்டும்.

சுவட்டைப் பின்தொடர்ந்தவன்

பாலி மொழியில் அமைந்த அங்குத்தர நிகாயத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. தோணன் என்னும் அந்தணன் வழியில் சக்கரக் குறி பொருந்திய காலடிச் சுவடுகளைக் காண்கிறான். இவை மனிதனுடையவையாக இருக்க முடியாது என்று வியந்து பின்தொடர்கிறான். மரத்தடியில் அமர்ந்திருக்கும் புத்தரை அடைந்து, நீர் தேவரா, கந்தருவரா, இயக்கரா, மனிதரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்பதே விடை. எவற்றால் ஒருவனைத் தேவன் என்றோ மனிதன் என்றோ சொல்ல முடியுமோ அந்த மாசுகள் என்னிடம் வேரறுந்துவிட்டன என்று புத்தர் விளக்குகிறார். பின்னரே தாமரை வருகிறது. நீரில் தோன்றி நீரில் வளர்ந்து நீர் ஒட்டாமல் நிற்கும் மலர்போல, உலகில் பிறந்து வளர்ந்து உலகு ஒட்டாமல் இருக்கிறேன் என்பது அவர் கூற்றின் கருத்து.

தாமரை என்றால் தூய்மை என்று எழுதிப் போட்ட என் பட்டியல் எவ்வளவு வறியது என்று இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். நான்கு பெயர்களும் விலக்கப்பட்ட பின், வேறு பெயரே எஞ்சாத இடத்தில் அத்தாமரை மலர்கிறது. சேற்றையும் நீரையும் அது பழிக்கவில்லை, அவற்றுக்குள்தான் வளர்ந்தது. திருவடிச் சுவடும் அப்படியே. ஒருவர் இவ்வழியே சென்றார் என்பதையும், அவர் இப்போது இங்கில்லை என்பதையும் அது ஒருங்கே சொல்கிறது. சுவட்டை வணங்கி அங்கேயே நிற்பவனை விட, தோணனைப் போல அது செல்லும் திசையில் நடப்பவனே அதைப் படிக்கத் தெரிந்தவன்.

சுழலும் சக்கரம்

சக்கரத்தின் வரலாறும் நோக்கத்தக்கது. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசாமி, 1935இல் வெளிவந்த பௌத்தப் படிமவியல் பற்றிய தம் நூலில், மரம், தாமரை, சக்கரம் ஆகியவற்றின் வேர்கள் புத்தருக்கு முற்பட்ட வேத மரபிலும் உள்ளன என்று காட்டினார். பாலி நூல்களிலேயே சக்கரம் உலகாளும் வேந்தனுக்கு உரியது. அது நாற்றிசையும் உருண்டு செல்ல, எதிர்ப்பட்ட அரசர் பணிவர். வேந்தனின் அச்சக்கரத்தைப் பௌத்தம் எடுத்துக்கொண்டது. சாரநாத்தின் மான் பூங்காவில் ஐவர் முன் நிகழ்ந்த முதல் அறவுரைக்கு அறச்சக்கரத்தை உருட்டுதல் என்று பெயரிட்டது. படையின் சொல்லைக் கொண்டே படையை மறுத்த செயல் அது.

எட்டு ஆரங்கள் எண்வகை நெறியைக் குறிக்கும் என்று நாம் கற்பிக்கிறோம். சாரநாத் அசோகத் தூணின் சக்கரத்துக்கு ஆரங்கள் 24. 1947 ஜூலை 22ஆம் நாள் நாட்டுக் கொடியில் ஏற்கப்பட்ட சக்கரத்துக்கும் 24. பன்னிரு சார்புகளைத் தோற்ற முறையாலும் ஒழிவு முறையாலும் எண்ணினால் 24 வரும் என்று விளக்குவோர் உளர். பழைய சூத்திரங்களோ ஆயிரம் ஆரங்கள் என்கின்றன. எட்டோ இருபத்துநான்கோ ஆயிரமோ, ஆரங்களை எண்ணிக்கொண்டே இருக்கும் வரை சக்கரம் நம்மைப் பொறுத்தவரை நின்றே கிடக்கும். சுழலும் சக்கரத்தில் ஆரங்களை எண்ண முடியாது.

தெப்பமும் பாம்பும்

குறியீட்டை எவ்வாறு கையாள்வது என்பதைப் பௌத்தமே ஓரிடத்தில் இரண்டு உவமைகளால் விளக்குகிறது. மஜ்ஜிம நிகாயத்தின் 22ஆம் சூத்திரத்தில் அவை அருகருகே வருகின்றன. வெள்ளத்தைக் கடக்கப் புல்லும் கிளையும் கொண்டு தெப்பம் கட்டி அக்கரை சேர்ந்த ஒருவன், நன்றி மிகுதியால் அதைத் தலையில் சுமந்து நடக்க வேண்டுமா என்பது ஒன்று. பாம்பை உடலிலோ வாலிலோ பிடிப்பவனை அது திரும்பிக் கடிக்கும்; கவைக்கோலால் அழுத்திக் கழுத்தில் பிடிப்பவனை ஒன்றும் செய்யாது என்பது மற்றொன்று. இரண்டும் அறவுரையைப் பற்றியே சொல்லப்பட்டவை. கற்ற அறமும் தவறாகப் பற்றினால் கடிக்கும். சரியாகப் பற்றினாலும் கரை சேர்ந்தபின் இறக்கி வைக்கப்பட வேண்டும். அறவுரைக்கே இது பொருந்துமானால், அதன் அடையாளங்களுக்கு எவ்வளவு பொருந்தும்!

காலிங்கபோதி சாதகம் மூவகைச் சேதியங்களைக் கூறுகிறது. உடல் எச்சத்தைக் கொண்டவை ஒருவகை. அவர் பயன்படுத்திய பொருள்கள் மற்றொருவகை. அவரை நினைத்து, சுட்டுவதற்காக ஆக்கப்பட்டவை மூன்றாம் வகை. மூன்றாவதை உத்தேசிகம் என்பர். நாம் இன்று குறியீடு எனப் பேசுவதற்கு மிக நெருங்கிய சொல் இதுவே. அந்த உத்தேசிகத்துக்குப் புற ஆதாரம் இல்லை, மனத்தை மட்டுமே அது சார்ந்தது என்று கூறிப் புத்தர் அதை விலக்குகிறார். தாம் வெளியூர் செல்லும் நாள்களில் ஜேதவனத்துக்கு மலரோடு வருவோர் வணங்குவதற்குப் போதி மரம் தகும் என்கிறார். ஆனந்தர் அங்கே அதன் வித்தை நடச் செய்தார் என்று கதை தொடர்கிறது. மனத்திலிருந்து மட்டும் பிறந்த அடையாளம் போதாது. மண்ணில் வேரூன்றியதும் நீர் ஊற்ற வேண்டியதுமான ஒன்று வேண்டும் என்பதே இக்கதையில் நான் காணும் பொருள்.

ஒரே கல்லின் இரு முகங்கள்

காலப்போக்கில் புத்தரின் திருவுருவம் வந்தது. இதை வீழ்ச்சி என்று கொள்வதற்கில்லை. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிக் கற்பலகை ஒன்று இருபுறமும் செதுக்கப்பட்டது. பழைய பக்கம் கி.மு. 1ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுகிறது. அதில் அரசமரத்தடியில் வெற்றுப் பீடமும் வழிபடுவோரும் உள்ளனர். சில நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் தூபி ஒன்றைச் செதுக்கினர். அத்தூபியின் வாயிலில் புத்தர் நின்ற கோலத்தில் இருக்கிறார். எழும்பூரிலும் நளகிரி என்னும் மதயானை அடங்கும் வட்டச் சிற்பத்தில் அவர் மனித உருவில் அமைதியாக நிற்கிறார். ஒரு தலைமுறைக்கு வெறுமை பேசியது. மற்றொரு தலைமுறைக்கு முகம் பேசியது. இரண்டையும் சுமந்தது ஒரே கல்தான்.

அதே எழும்பூர்க் கூடத்தில் இன்னொரு வட்டச் சிற்பம் உண்டு. ஒரு பிச்சைப் பாத்திரத்தைத் தேவர்கள் தட்டில் ஏந்தி ஆடியும் பாடியும் விண்ணுக்கு எடுத்துச் செல்கின்றனர். அதன் முன் நிற்கும் தமிழ் மாணவிக்கு அமுதசுரபி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. மணிமேகலையின் பீடிகையும் பாத்திரமும் இம்மரபில் வைத்து நோக்கத்தக்கவை. மணிபல்லவத்துப் பீடிகைக்காக நாக நாட்டு அரசர் இருவர் தமதே என்று பொருதனர். இருவராலும் அதைப் பெயர்க்க இயலவில்லை. குறியீட்டை உடைமையாகக் கருதியவர்களுக்கு அது வெறுங்கல்லாகவே கனத்தது. உரிமை கோராது வணங்கிய மணிமேகலைக்கு அதுவே முற்பிறப்பை உணர்த்தியது.

அமுதசுரபியின் கதை இதனினும் கூர்மையானது. அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரத்தோடு ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். கப்பல் போய்விட்டது, தீவில் உண்பார் எவருமில்லை. தன் ஒருவன் வயிற்றுக்காக அதை ஏந்த அவன் விரும்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர்நீத்தான். குறையாத பாத்திரம் கையில் இருந்தும், பசித்தோர் இல்லாத தீவில் அதற்குப் பொருள் இல்லாமற்போயிற்று. பின்னர் அது மணிமேகலையின் கைக்கு வந்து, ஆதிரை இட்ட முதற்பிச்சையை ஏற்று, காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்து, முடிவில் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றியது. பௌத்தக் குறியீடு எங்கே நிறைவு பெறுகிறது என்று கேட்டால் என் விடை இதுதான்: பிறர் ஒருவரின் பசியைத் தொடும் இடத்தில்.

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம்

கவிஞர் பெருமக்களே, நம் புதுக்கவிதையில் போதிமரம் எத்தனை முறை முளைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தேநீர்க் கடை போதிமரம், பேருந்து நிறுத்தம் போதிமரம், காதலியின் வீட்டு வேப்பமரமும் போதிமரம். யாரையும் சுட்டிக் கூறவில்லை. இளமையில் நானும் இரண்டு நட்டவள்தான். இவற்றில் குறை என்ன? போதிமரம் என்றவுடன் ஞானம் என்று படிப்பவர் மனம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. மரத்தின் இலை அசைவதில்லை. அதன் நிழல் எவர்மீதும் விழுவதில்லை. வகுப்பறையில் நான் எழுதிப் போட்ட பட்டியலைத்தான் அக்கவிதைகள் வரி பிரித்து எழுதுகின்றன. ஆசிரியர்களாகிய நாங்கள் கற்பித்த குற்றமும் அதில் இருக்கலாம்.

சாஞ்சிச் சிற்பியிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்ல வேண்டியதன் நடுவிடத்தை அவன் வெறுமையாக விட்டான். ஆனால் அதைச் சுற்றியுள்ளவற்றைப் பழுதறச் செதுக்கினான். குதிரையின் நடை, பாகனின் பணிவு, குடையின் காம்பு ஆகியவை அத்தனை உண்மையாக இருப்பதனால்தான் வெற்று முதுகில் நாம் ஒருவரைக் காண்கிறோம். சுற்றுப்புறம் பொய்யாக இருந்தால் வெறுமை வெறும் வெறுமையே. புரியாமல் எழுதுவதற்கும் இடம்விட்டு எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே எனக் கருதுகிறேன்.

இப்போது அம்மாணவிக்கு விடை கூறலாம். மகளே, சிற்பிக்கு அவரைச் செதுக்கத் தெரியாமலில்லை. அவர் மறைந்துவிட்டார் என்பதையும், அவர் காட்டிய வழி மறையவில்லை என்பதையும் ஒரே கல்லில் சொல்ல அவன் விரும்பியிருக்க வேண்டும். முகத்தைச் செதுக்கியிருந்தால் நீ பார்த்துவிட்டு நகர்ந்திருப்பாய். பீடத்தை வெறுமையாக விட்டதனால்தான், இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து வந்து நின்று, ‘புத்தர் எங்கே’ என்று கேட்டாய். அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே அப்பீடம் அங்கே இருக்கிறது. பட்டியலை உன் கையில் கொடுத்து அக்கேள்வியை அடைக்கப் பார்த்தது என் பிழை.

அன்று முதல் கரும்பலகையில் அப்பட்டியலை நான் எழுதுவதில்லை. சாஞ்சிக் குதிரையின் படத்தைக் காட்டி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மட்டும் கேட்கிறேன். சில ஆண்டுகளில் குடையைக் காண வகுப்பு முழுவதும் ஆகிவிடுகிறது. ஆயினும் யாரேனும் ஒருத்தி கண்டுபிடிக்கும்போது அவள் முகத்தில் தோன்றும் ஒளிக்குத் தேர்வில் மதிப்பெண் இடும் வழி இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் போதிமரங்கள் குறைந்து, இலை அசையும் அரசமரங்கள் மிகுதியாகட்டும் என வாழ்த்துகிறேன்.